ரேடியோ நெல்லின் வாழ்க்கை

1960-களின் பிற்பாதியில் தஞ்சை மாவட்டத்து உழவர்கள் ஒரு நெல்லை 'ரேடியோ நெல்' என்று சொல்லித்தான் கேட்டு வாங்கினார்கள். ஆராய்ச்சி நிலையத்துப் பதிவேட்டில் அதன் பேர் ஆடுதுறை 27. ஊர்ப்பேச்சில் ஏடிடி 27. திருச்சி வானொலி அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னது. கேட்டவர்கள் விதைத்துப் பார்த்தார்கள். சில குறுவைக்குள் டெல்டா வயல்களில் அது பரவி நின்றது. வேளாண் விரிவாக்கப் பாடங்களில் இன்றைக்கும் எடுத்துக்காட்டாக வருகிற கதை இது. அங்கே அது ஒரே வரியில் முடிந்துவிடும்: வானொலி சொன்னது, உழவர் கேட்டார். அந்த நெல்லின் முழு வாழ்க்கையையும் தொடர்ந்து போனால்தான், ஓர் ஆராய்ச்சி மக்களிடம் வந்து சேர என்னென்ன வேண்டியிருக்கிறது என்பதும், எந்த இடத்தில் அது பாதி வழியில் நின்றுபோகிறது என்பதும் விளங்கும்.

கிச்சிலிச் சம்பாவும் ஜப்பான் நெல்லும்

கோயம்புத்தூரில் 1912-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே ஆத்தூர் கிச்சிலிச் சம்பாவிலிருந்து தனியாகத் தெரிந்த ஒரு செடியைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். சன்ன அரிசி, நல்ல சமையல் குணம். எஃப். ஆர். பார்னல் அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளராக இருந்த காலம் அது. அந்தப் பதவியின் ஆங்கில முதலெழுத்துகளே ரகத்தின் பேராகி, 1921-இல் ஜி.ஈ.பி. 24 வெளியானது. சென்னை மாகாணத்தைத் தாண்டியும் அது போனது. பின்னாளில் வந்த எத்தனையோ ரகங்களின் முன்னோர் வரிசையில் அதற்கு இடம் உண்டு.

ஜி.ஈ.பி. 24-க்கு ஒரு குறை இருந்தது. உரம் போட்டால் வளர்ந்துகொண்டே போகும், வளர்ந்தது சாயும். நம் நாட்டு இண்டிகா நெற்களுக்குப் பொதுவான குணம் இது. ஜப்பானின் ஜப்போனிகா நெற்கள் வேறு மாதிரி. குட்டையாக நிற்கும், போட்ட உரத்தைக் கதிராக்கும். ஆனால் நம் வெயிலுக்கு ஒத்துவராது. வடித்தால் சோறு ஒட்டிக்கொள்ளும். இரண்டின் நல்ல குணங்களையும் ஒரே செடியில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் 1950-களின் தொடக்கத்தில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு கட்டாக்கில் தொடங்கிய இண்டிகா–ஜப்போனிகா ஒட்டுத் திட்டத்தின் நோக்கம். அதற்கு வித்திட்டவர் கே. ராமையா. கோயம்புத்தூர் நெல் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, 1946-இல் கட்டாக்கில் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானவர். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனும் 1954-இல் அங்கே இந்தத் திட்டத்தில் வேலை செய்தார்.

நெல்லில் ஒட்டுச் சேர்ப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஒரு நெற்பூவில் ஆறு மகரந்தப் பைகள் உண்டு. பூ திறந்துவிட்டால் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். அதற்குள் உமியின் நுனியைக் கத்தரித்து, அந்த ஆறையும் ஊசிமுனை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். பிறகு வேறு ரகத்தின் பூங்கொத்தைக் கொண்டுவந்து அதன்மேல் உதிர்த்து, காகிதப் பையால் மூடிக் கட்ட வேண்டும். இத்தனை செய்தும் சில மணிகள்தான் பிடிக்கும். இண்டிகாவையும் ஜப்போனிகாவையும் சேர்த்தால் இன்னும் ஒரு தொல்லை: பிறக்கிற செடியின் கதிரில் பாதி பதராகப் போகும். நோரின் 10 என்ற ஜப்பான் நெல்லையும் ஜி.ஈ.பி. 24-ஐயும் சேர்த்த ஒட்டு இப்படிப் பிறந்ததுதான். (கோதுமையில் புகழ்பெற்ற நோரின் 10 வேறு, இது நெல்.) அதன் வழி வந்த விதைகள் பல மாநில நிலையங்களுக்குப் போயின. ஆடுதுறைக்கும் வந்தன.

ஆடுதுறை தேர்ந்த செடி

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில், ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் ஆடுதுறை. அங்கே 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கட்டாக்கிலிருந்து வந்த விதைகளை அங்கே தலைமுறை தலைமுறையாக விதைத்து, பதர் விழுந்ததையும் சாய்ந்ததையும் ஒதுக்கி, நிலைத்து நின்றதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் நின்ற செடிக்கு விதைத்த நாளிலிருந்து அறுப்பு வரைக்கும் ஏறக்குறைய 105 நாள்.

அந்த 105 நாளின் அருமை டெல்டாவின் நீர்க் கணக்கைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பார்கள். ஆனியில் குறுவை நடவு, புரட்டாசி–ஐப்பசியில் அறுப்பு, அதே வயலில் உடனே தாளடி. குறுவை பத்து நாள் தள்ளினால் தாளடி நடவு வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். 1966-இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 உலகையே வியக்க வைத்தது. ஆனால் அதற்கு 130 நாள் வேண்டும். குறுவைக்கு அது சரிப்படாது. குறுவைக்கென்று முன்பே இருந்த ஆடுதுறை ரகங்கள் நாளில் பொருந்தின. உரம் கூட்டினால் படுத்துவிடும். நாளும் பொருந்தி, உரத்தையும் ஓரளவு தாங்கிய நெல் என்ற இடத்தில்தான் ஏடிடி 27 வந்து நின்றது.

திருச்சியிலிருந்து வந்த குரல்

அது அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். 1965, 1966 இரண்டு ஆண்டும் நாட்டில் வறட்சி. அமெரிக்கக் கப்பலில் வந்த கோதுமையை நம்பி இருந்தோம். மத்திய உணவு அமைச்சராக சி. சுப்பிரமணியம் இருந்தார். 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் அரிசி விலையே பேச்சாக இருந்தது. அதற்கு முன்பே 1960-இல், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு தீவிர வேளாண்மை மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 'பேக்கேஜ் திட்டம்' என்பார்கள். விதை, உரம், பூச்சி மருந்து, கூட்டுறவுக் கடன் நான்கையும் சேர்த்துக் கொடுப்பது, ஊருக்கு ஊர் கிராம சேவக் போய்ச் செயல்விளக்கத் திடல் போட்டுக் காட்டுவது என்று அந்தத் திட்டம் நடந்தது.

1966-இல் அகில இந்திய வானொலி சில நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவைத் தொடங்கியது. 1939 முதல் ஒலிபரப்பி வந்த திருச்சி நிலையமும் அதில் ஒன்று. அந்தப் பிரிவில் வேளாண்மை படித்த அலுவலர் ஒருவர், வயலுக்குப் போய்ச் செய்தி எடுத்து வருகிறவர் ஒருவர், அதை எழுத்தாக்குகிறவர் ஒருவர் என்று ஆள் போட்டார்கள். ஆராய்ச்சியாளரைக் கூப்பிட்டு ஒரு சொற்பொழிவு பேச வைத்து அனுப்பிவிடுகிற பழைய வழக்கம் இதனால் மாறியது. ஆடுதுறையில் என்ன செய்கிறார்கள் என்பதைத் தெரிந்தவர், தஞ்சையில் எந்தச் சந்தேகம் ஓடுகிறது என்பதைக் கேட்டு வந்தவர், இரண்டையும் பேச்சுத் தமிழில் கோத்துச் சொல்லத் தெரிந்தவர் ஆகிய மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். அறிவியலை மக்களிடம் சொல்வது பற்றி நாம் இன்று பேசுகிற பல யோசனைகளைவிட இந்த ஏற்பாடு கெட்டியானது என்பது என் எண்ணம்.

கேட்கிற பக்கமும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பஞ்சாயத்து அலுவலகத்து வாசலில் ஊர்ப் பொது ரேடியோ இருந்தது. டீக்கடையில் ஒன்று இருந்தது. வசதியுள்ள வீட்டுத் திண்ணையில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. மாலையில் வேலை முடிந்து உட்காருகிற நேரத்தில் பயிர்ச் செய்தி வரும். தனியாகக் கேட்டவர் குறைவு. நாலு பேர் சேர்ந்து கேட்டு, அங்கேயே வாதாடினார்கள். மறுநாள் காலையில் செயல்விளக்கத் திடலுக்கோ, ஏற்கெனவே விதைத்திருந்த பக்கத்து வயலுக்கோ போய்ப் பார்க்கலாம். வானொலி சொன்னதை ஒரு நடை நடந்து சரிபார்க்க வழி இருந்தது. அந்த வழி இல்லாமல் குரல் மட்டும் வந்திருந்தால் யாரும் ஒரு மா நிலத்தைக்கூடப் பணயம் வைத்திருக்க மாட்டார்கள்.

நாற்றின் வயது

விதையை வாங்கிப் போட்டால் மட்டும் விளைந்துவிடாது. இந்த நெல்லில் மிக எளிதாகத் தப்பு நடக்கக்கூடிய இடம் நாற்றங்கால். சம்பா நாற்று முப்பத்தைந்து, நாற்பது நாள் நாற்றங்காலில் கிடந்தாலும் பெரிய நட்டமில்லை. ஐந்து, ஆறு மாதப் பயிர், வயலில் தூர் கட்ட அதற்கு நேரம் உண்டு. மூன்றரை மாதப் பயிருக்கு அந்த நேரம் கிடையாது. நாற்று நாற்றங்காலிலேயே முற்றிவிட்டால், நட்டதும் தூர் கட்டாமல் நேரே கதிர் தள்ளப் பார்க்கும். ஒற்றைக் கதிரோடு குச்சியாக நிற்கும். முறை வைத்துத் தண்ணீர் வருகிற வாய்க்காலில், ஆள் கிடைக்காத நடவு நேரத்தில், நாற்று முற்றுவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

இதற்கு ஆராய்ச்சிக் கட்டுரையில் வரைபடமும் அட்டவணையும் இருக்கும். விரிவாக்கக்காரர்கள் அதை ஒரே கணக்காகச் சுருக்கினார்கள்: பயிரின் வயது எத்தனை மாதமோ, நாற்றின் வயது அத்தனை வாரம். மூன்றரை மாதப் பயிருக்கு மூன்றரை வாரம், ஏறக்குறைய இருபத்தைந்து நாள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். எந்த ரகம் வந்தாலும் அதை வைத்துத் தாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆராய்ச்சியை எளிமையாகச் சொல்வது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். உண்மை குறையவில்லை, கேட்டவருக்குத் தானாக முடிவெடுக்கும் பலம் கூடியது.

வானொலிக்கு இங்கே இன்னொரு வசதி இருந்தது. பயிரின் நாட்காட்டியோடு சேர்ந்தே அது பேச முடிந்தது. விதை நேர்த்தி செய்கிற வாரத்தில் விதை நேர்த்தி, நடவு வாரத்தில் நாற்றின் வயது, தூர் கட்டும்போது மேலுரம், கதிர் வரும்போது பூச்சி. புத்தகம் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிடும். உழவருக்கு அது வேண்டிய நாளில் கையில் இருக்காது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குச் சொல்லிக்கொண்டு 105 நாளும் ஒரு குரல் கூடவே வந்ததால்தான் புதிய நெல்லின் மேல் ஏற்பட்ட பயம் தெளிந்தது.

ஐப்பசி மழையில்

இந்த நெல்லுக்கு ஒரு பெரிய பலவீனமும் இருந்தது. விதை உறக்கம் கிடையாது. பல நாட்டு ரகங்களில் நெல் முற்றிய பிறகும் சில வாரம் முளைக்காமல் உறங்கும். மழையில் நனைந்தாலும் தாங்கும். ஏடிடி 27 அப்படியில்லை. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சாய்ந்த கதிரிலேயே வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். களத்தில் ஈரமாகக் குவித்த நெல் ஓரிரு நாளில் சூடேறிப் பழுப்பாகும், வாடையடிக்கும். அந்த அரிசியை விற்கவும் முடியாது, விதைக்கு வைக்கவும் முடியாது. குறுவை அறுப்போ டெல்டாவில் மழைக்காலத்தின் வாசலில்தான் வருகிறது. முன்பெல்லாம் அறுத்துப் போரடித்து மெதுவாகக் காயவைக்க நேரம் இருந்தது. இப்போது விளைச்சலும் அதிகம், தாளடிக்கு வயலைக் காலி செய்ய வேண்டிய அவசரமும் அதிகம், வெயிலோ இல்லை.

விளைச்சலைப் பற்றி உரக்கச் சொன்ன அறிவியல், ஈர நெல்லை என்ன செய்வது என்பதைச் சொல்லத் தயாராக இல்லாமல் வந்துவிட்டது. அதன் விலையை உழவர் தம் களத்தில் கொடுத்தார். ஒரு ரகத்தை வெளியிடும்போது அதன் குறையையும் அதே குரலில், அதே நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் மண்ணில் கிடையாது.

ஆனால் அறிவியல் அங்கே கைவிட்டுப் போகவில்லை, திரும்பி வந்தது. திருவாரூரில் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1960-களின் கடைசியில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கியது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்பிரமணியன் இந்த வேலைக்கு வந்தார். ஈர நெல்லோடு சாதாரண உப்பையும் காய்ந்த உமியையும் கலந்து வைக்கிற முறை அங்கிருந்து வந்தது. உப்பு நெல்லின் ஈரத்தை இழுக்கும், முளைப்பைத் தடுக்கும், பூசணத்தை அண்டவிடாது. வெயில் தெரிகிற வரைக்கும் நெல் தாக்குப்பிடிக்கும், பிறகு உலர்த்திக்கொள்ளலாம். உப்பும் உமியும் எந்த ஊரிலும் கிடைப்பவை. அந்த ஆய்வுக்கூடம் நெல் பதனீட்டு ஆராய்ச்சி நிலையமாகி, பின்பு தஞ்சாவூருக்கு வந்து, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. களத்தில் முளைத்த நெல் கேட்ட கேள்விக்குப் பதிலாகப் பிறந்த நிறுவனம் அது. மக்கள் பக்கமிருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போகிற பாதையும் அறிவியல் தொடர்பில் அடக்கம் என்பதற்கு அதுவே சாட்சி.

யாரிடம் சொன்னார்கள்

பேக்கேஜ் திட்டத்தின் கடன், நிலம் உள்ளவருக்கு. உரம், கடன் வாங்க முடிந்தவருக்கு. வானொலி பேசியதும் பெரும்பாலும் அவர்களிடம்தான்: எத்தனை மூட்டை உரம், எத்தனை கலம் விளைச்சல். சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண்களும், மழையில் நின்று அறுத்தவர்களும் இந்தப் பேச்சில் 'ஆள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். இத்தனைக்கும் நாற்றின் வயதையும் நடவின் ஆழத்தையும் கையால் அறிந்தவர்கள் அவர்கள். இரண்டு போகம் பெருகியபோது வேலை பெருகியது. விளைச்சல் கூடும் என்று தினமும் காதில் விழுந்த ஊரில் கூலி ஏன் கூடவில்லை என்ற கேள்வியும் எழுந்தது.

கீழத்தஞ்சையில் கூலிப் போராட்டம் முற்றிய அந்த ஆண்டுகளில்தான், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அந்தக் கொடுமைக்கு வேர் நில உடைமையிலும் சாதியிலும் இருந்தது. ஒரு நெல் விதையின்மேல் அதைச் சுமத்த முடியாது. ஆனால் ஏடிடி 27 பயணம் செய்த ஊர்களின் நிலைமை அது. புதிய விதை யாருக்கு எதைக் கொண்டுவரும் என்று பேசும்போது நிலமில்லாதவரைக் கணக்கில் சேர்க்காத பேச்சு, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் முழு உண்மை ஆகாது. அறிவியலைச் சொல்கிறவர்கள் 'பொதுமக்கள்' என்று யாரை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பது பேச்சுத் திறமையைவிடப் பெரிய விஷயம்.

பிறகு

ஏடிடி 27 சில ஆண்டுகள்தான் அரசாண்டது. 1970-களில் சம்பாவுக்கு ஐ.ஆர். 20 வந்தது. அதன் தண்டுத்துளைப்பான் எதிர்ப்பு திரூர்க்குப்பம் டி.கே.எம். 6-இலிருந்து வந்தது, டி.கே.எம். 6-இன் பெற்றோரில் ஒன்று நம் ஜி.ஈ.பி. 24. குறுவைக்கு ஆடுதுறையே அடுத்தடுத்து ரகங்கள் கொடுத்தது: ஏடிடி 36, குண்டு நெல் என்று பேர் எடுத்த ஏடிடி 37, சன்ன ரகமான ஏடிடி 43. ரேடியோ நெல் வயலை விட்டுப் போனது.

அதன் உடன்பிறப்பு ஒன்று மட்டும் வேறு வழியாக நம் வீட்டுக்குள் வந்தது. கட்டாக்கின் அதே ஒட்டுத் திட்டம் மலேசியாவுக்கு அனுப்பிய விதையிலிருந்து மசூரி என்ற நெல் உருவானது. அது தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னி ஆனது. இன்று பொன்னி அரிசி வாங்குகிற எத்தனையோ குடும்பங்களுக்கு அது ரேடியோ நெல்லோடு ஒரே திட்டத்தில் பிறந்தது என்று தெரியாது.

முன்னோரான கிச்சிலிச் சம்பாவும் திரும்பி வந்துவிட்டது. தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை விட்டு வெளியேறிய கோ. நம்மாழ்வாரும், அவர் வழியில் நடந்த நெல் ஜெயராமனும் மரபு நெற்களைத் தேடிச் சேர்த்தார்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், ஓர் உழவருக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கினார். அந்த ஏற்பாட்டில் வாங்கியவர் கட்டாயம் திரும்பி வருவார். விளைந்ததா, சாய்ந்ததா, எத்தனை நாள் எடுத்தது என்று எல்லார் முன்னாலும் சொல்வார். ஒவ்வொரு உழவரும் சோதனையாளராகி, அடுத்தவருக்குச் சொல்கிறவரும் ஆனார். வானொலி ஒரே மாலையில் மாவட்டம் முழுவதும் சொன்னதை இந்த வழி மெதுவாகத்தான் சொல்லும். ஆனால் வயலின் பதில் இதில் தவறாமல் திரும்பி வந்துவிடும்.

இன்றைக்கு டெல்டா உழவரின் கையில் உழவன் செயலி இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கினாலும் இரண்டு வாரம் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகங்கள் வந்திருக்கின்றன. கடல் நீர் ஏறுகிற கடைமடையில், பருவம் தவறிப் பெய்கிற மழையில், இனி வருகிற ஒவ்வொரு ரகமும் இன்னும் சிக்கலான செய்திகளோடுதான் வரும். அவற்றை விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வழி நிறைய உண்டு. நமக்குக் குறைவது, 1966-இல் திருச்சியில் உட்கார்ந்த அந்த மூன்று பேரைப் போன்ற ஆட்கள்: ஆராய்ச்சி தெரிந்து, வயலுக்குப் போய்க் கேட்டு, பேச்சு மொழியில் சொல்லி, அடுத்த வாரம் அதே உழவர் முன்னால் வந்து நிற்கிறவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சம்பளமும் பதவியும் கொடுத்து வைத்துக்கொள்வதும் ஆராய்ச்சிச் செலவுதான். ஒரு ரகத்தை வெளியிடுகிற அன்றைக்கே அதன் விளைச்சலோடு அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். நிலம் வைத்திருப்பவரிடம் சொன்னதை நடவுப் பெண்களிடமும் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கிற கேள்வியை ஆடுதுறைக்குக் கொண்டுபோக வேண்டும். ரேடியோ நெல் டெல்டாவில் நிறைவேற்றியது பாதிதான். மீதியைச் செய்வது இப்போது ஆராய்ச்சி செய்கிறவர்களின் கடமை, அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.